தூரம் தெரிந்தால் விமான நேரம் தெரியும்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள வான்வழித் தூரத்தை (கி.மீ.) 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். நடுவில் எங்கும் இறங்காத ஜெட் விமானம் பறக்கும் நேரம் ஏறக்குறைய வந்துவிடும். லண்டன் ஹீத்ரோ - நியூயார்க் கென்னடி தூரம் சுமார் 5,540 கி.மீ. வகுத்தால் ஆறரை, கூட்டினால் ஏழு மணி.

ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் போகும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்குத்தான் அந்த அரை மணி. டிக்கெட்டில் போடும் நேரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஓடுபாதை வரை தரையில் ஊர்ந்து போகும் நேரமும் அதில் சேர்ந்தது.

தூரத்தைத் தட்டையான வரைபடத்தில் அளக்கவே கூடாது. வீட்டில் 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை இருந்தால் இரு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். 2 செ.மீ. நூல் ஒரு மணி நேரப் பறப்பு. லண்டன் - நியூயார்க் 13 செ.மீ. வரும்.

காற்று இந்தக் கணக்கை மாற்றும். வட அட்லாண்டிக்கில் உயரக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவதால், நியூயார்க் போக எட்டு மணி வரை ஆகலாம், திரும்ப ஆறரையே போதும். குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

வான்வெளி மூடிய பாதைக்கு இது உதவாது. ஹெல்சின்கி - டோக்கியோ கணக்குப்படி பத்து மணிக்குள் வரும். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு சுற்றிப் போக சுமார் 13 மணி ஆகிறது.