பின் நுழைந்தால் போதாது: லேப்டாப் சார்ஜரில் செய்யக்கூடாத தவறுகள்

என் அக்கா மகள் தாம்பரம் பக்கம் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். லேப்டாப் திடீரென்று ஆமை மாதிரி நகர்கிறது, சார்ஜரில் போட்டிருந்தாலும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று போன் செய்தாள். வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே அழித்துத் திரும்பப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் வேலை போயிற்று. நேரில் போய் சார்ஜரைத் தொட்டேன், கை வைக்க முடியாத சூடு. திருப்பிப் பார்த்தால் லேபிளில் 19.5 வோல்ட், 2.31 ஆம்ப். அது அறைத்தோழியின் சார்ஜர். இவளுடையது 4.62 ஆம்ப். இரண்டுக்கும் லேப்டாப்பில் செருகும் முனை, அதாவது பின், ஒன்றே என்பதால் மாறிப்போனது தெரியவே இல்லை.

வோல்ட்டை ஆம்ப்பால் பெருக்கினால் வாட். தோழியுடையது 45 வாட், இவளுக்கு வேண்டியது 90. பாதிதான் கிடைக்கிறது என்று தெரிந்ததும் லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. போதாததை பேட்டரியிலிருந்து எடுத்தது.

பின் பொருந்தினால் சார்ஜரும் பொருந்தும் என்ற நம்பிக்கைதான் எல்லாத் தவறுக்கும் வேர். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் போய் "ஹெச்.பி. சார்ஜர் ஒண்ணு கொடுங்கண்ணா" என்று கேட்பதும் அதே ரகம். ஹெச்.பி.யிலேயே 18.5 வோல்ட்டும் உண்டு, 19.5 வோல்ட்டும் உண்டு. நடுவில் ஊசியுள்ள தடித்த பின், மஞ்சள் முனை, நீல முனை என்று பின்னும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. லெனோவோவில் உருண்டை, செவ்வகம், டைப்-சி எல்லாம் உண்டு. கம்பெனி பெயர் மட்டும் தெரிந்து பயனில்லை.

லேபிளைப் படிக்கும்போதும் ஒரு வழுக்கல் இருக்கிறது. மேலே "இன்புட்" வரியில் 100-240 வோல்ட், 1.5 ஆம்ப் என்று இருக்கும். அது சுவரிலிருந்து சார்ஜர் வாங்குவது. அதைப் பார்த்து "1.5 ஆம்ப் சார்ஜர் வேணும்" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நமக்கு வேண்டியது அதற்குக் கீழே உள்ள "அவுட்புட்" வரி.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி இருக்கும் உயரம் வோல்ட். அது மாறினால் குழாயில் வரும் வேகமே மாறிவிடும், ஆகவே வோல்ட் ஒத்துப்போக வேண்டும். 19-க்கும் 19.5-க்கும் உள்ள அரை வோல்ட்டைப் பெரும்பாலான லேப்டாப்கள் தாங்கும். ஆனால் 15, 16 வோல்ட் கேட்கும் பழைய லேப்டாப்பில் 20 வோல்ட்டைச் செருகினால் உள்ளே இருக்கும் மதர்போர்டே போகலாம். ஆம்ப் என்பது தொட்டி எவ்வளவு கொடுக்கமுடியும் என்ற கணக்கு. தொட்டி பெரிதாக இருப்பதால் குழாய் உடையாது, திறந்த அளவுக்குத்தான் தண்ணீர் வரும். எனவே ஆம்ப் கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்தால்தான் தொல்லை.

டெல், ஹெச்.பி. பின்களின் நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். மின்சாரம் கொடுப்பது அதன் வேலை இல்லை. "நான் இத்தனை வாட் சார்ஜர்" என்று லேப்டாப்புக்குத் தெரிவிப்பது அதுதான். ஊசி வளைந்தாலோ, டூப்ளிகேட்டில் அந்தத் தகவலே இல்லாமல் போனாலோ, வோல்ட்டும் ஆம்ப்பும் சரியாக இருந்தும் பேட்டரி ஏறாது. பல பின்களோடு வரும் 'யுனிவர்சல்' சார்ஜரில் இது அடிக்கடி நடக்கும். பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று வாங்கிவிடாதீர்கள்.

டைப்-சி வந்தபிறகு ஒரு வகையில் நிம்மதி. முதலில் 5 வோல்ட் கொடுத்து, லேப்டாப்போடு பேசி, அது கேட்டால்தான் 20 வோல்ட்டுக்கு ஏறும். ஆனால் போன் சார்ஜரில் 65 வாட் என்று போட்டிருப்பது பல சமயம் அந்த கம்பெனியின் போனுக்கு மட்டுமான கணக்கு, லேப்டாப்புக்கு அவ்வளவு வராது. 65 வாட் கேட்கும் லேப்டாப் என்றால், அவுட்புட் வரிகளில் 20 வோல்ட், 3.25 ஆம்ப் இருக்கிறதா என்று தேடுங்கள். கேபிளையும் பாருங்கள்: சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்ப்தான் தாங்கும், அதாவது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்ப் கேபிள் வேண்டும். சில லேப்டாப்களில் டைப்-சி ஓட்டை இருந்தும் அது சார்ஜ் ஏற்காது.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஓட்டையில் மாட்டிப் பயன்படுத்தும் பழக்கத்தையும் விடுங்கள். வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று உலோக லேப்டாப்பைத் தடவினால் கையில் சுர்ரென்று ஓடுமே, எர்த் கிடைக்காததுதான் அதற்குக் காரணம். பழைய ஃபிளாட்டுகளில் மூன்று ஓட்டை இருந்தும் எர்த் கம்பி இணைத்திருக்காது. எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு போங்கள். லேபிளில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை அதே அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அங்கேயே தட்டிப் பார்க்கலாம். பிறகு சார்ஜரைச் செருகி, பத்து நிமிஷம் நின்று, சதவீதம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பழைய சார்ஜரின் லேபிள் அழிந்திருந்தால், லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அதே வோல்ட்டும் ஆம்ப்பும் பெரும்பாலும் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கினால் படிக்கலாம்.