நாற்சார் வீட்டு மூலையும் 10 மில்லிமீற்றரும்: ஊருக்குப் போகுமுன் அகலக்கோண சூம் லென்ஸ் வாங்குவோருக்கு

முதல் தடவை யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனபோது கமராவோடு சேர்ந்து வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான் என்னிடம் இருந்தது. பெரியப்பாவின் வீடு பழைய நாற்சார் வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிவர நாலு பக்கமும் விறாந்தை, மரத்தூண், ஓட்டுக்கூரை. விறாந்தையின் மூலையில் முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். ஒரு பக்கத்தில் முக்கால்வாசியும் அடுத்த பக்கத்தில் பாதியும்தான் படத்துக்குள் வந்தன. இன்னும் ஒரு அடி பின்னால் போக இடமில்லை. நாலு வருசம் கழித்து நல்ல லென்ஸோடு போனேன். அதற்குள் ஒரு பக்கத்துக் கூரையைப் பிரித்துத் தகரம் போட்டிருந்தார்கள். பழைய வீட்டின் முழுப் படம் எங்கள் குடும்பத்தில் ஒருவரிடமும் இல்லை.

இந்த வருசம் ஊருக்குப் போகிறவர்கள் பலர் என்ன லென்ஸ் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். அதிலும் ஏபிஎஸ்-சி சென்சர் கமரா வைத்திருப்பவர்கள், அதாவது கேனன் ரிபெல், நிக்கோன் 3000, 5000, 7000 வரிசைகள், சோனி 6000 வரிசை, ஃபுஜி எக்ஸ் வகைக் கமராக்காரர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. லென்ஸில் எழுதியிருக்கும் மில்லிமீற்றர் எண் குறையக் குறைய, படத்துக்குள் கூடுதல் அகலம் வரும். ஏபிஎஸ்-சி சென்சர் சிறியது. ஆகவே லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணை கேனனில் 1.6 ஆலும் மற்றவற்றில் 1.5 ஆலும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். 18 என்பது பழைய ஃபிலிம் கமராவின் 27 அல்லது 29 போலத்தான் பார்க்கும். இது தெரியாமல் ஃபுல் ஃபிரேமுக்கான, அதாவது பழைய ஃபிலிம் அளவுச் சென்சருக்கான 16-35 லென்ஸைப் பெரிய விலை கொடுத்து வாங்கிவிட்டு, "இதுவும் வீட்டைப் பிடிக்குதில்லையே" என்று கவலைப்பட்டவர்களைக் கண்டிருக்கிறேன். உங்கள் கமராவில் அது 24-இல் தொடங்கும் சாதாரண லென்ஸ்தான்.

சதுரமான ஒரு அறையின் மூலையில் நின்று எதிரே உள்ள இரண்டு சுவர்களையும் முழுதாகப் பார்க்க 90 பாகை தேவை. நாற்சார் முற்றத்துக்கும் இதே கணக்குத்தான். கமராவைப் படுக்கையாகப் பிடித்தால் நிக்கோன், சோனி, ஃபுஜியில் 10 மில்லிமீற்றர் 99 பாகை தரும், 11 தருவது 94, 12 தருவது 89. கேனனில் சென்சர் இன்னும் கொஞ்சம் சிறியது என்பதால் முறையே 96, 91, 86. கமராவோடு வரும் கிட் லென்ஸின் 18 எங்கே நிற்கிறது என்றால் 66-இல், கேனனில் 64-இல். ஆக, 10 தாராளம், 11 மட்டுமட்டு, 12 போதாது. கடையில் பார்க்கும்போது 10-க்கும் 12-க்கும் இரண்டு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும். மூலையில் நிற்கும்போது அந்த இரண்டில்தான் எதிர்ச்சுவரின் கடைசித் தூண் இருக்கிறது. லென்ஸ் தெரிவில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நீண்ட பக்கம் 16-இல் முடிகிறதா, 24 வரை போகிறதா என்பது இரண்டாம் பட்சம், ஏனென்றால் 18-க்கு மேலே உங்கள் பழைய லென்ஸ் இருக்கிறது.

அடுத்தது, எஃப் 2.8-ஆ, அல்லது நடுக்கம் தடுக்கும் வசதியா என்ற கேள்வி. கேனன்காரர் அதை ஐஎஸ் என்பார்கள், நிக்கோன்காரர் விஆர் என்பார்கள். இரண்டும் இருட்டில் உதவும், ஆனால் உதவும் விதம் வேறு. வீடு, மடம், கோட்டைச் சுவர், கிணற்றடி இவையெல்லாம் அசையாதவை. நடுக்கம் தடுக்கும் லென்ஸ் இருந்தால் கால் விநாடி வரைகூடக் கையில் பிடித்து எடுக்கலாம், முக்காலி தேவையில்லை. ஆட்களுக்கு அது உதவாது. தவிலடிப்பவரின் கைக்கும் பந்தலுக்குள் ஓடித்திரியும் பிள்ளைகளுக்கும் ஷட்டர் வேகம்தான் வேண்டும், அதற்கு வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும் எஃப் 2.8 வேண்டும். எஃப் 4.5 லென்ஸைவிட அது ஒன்றே கால் ஸ்டொப்புக்குச் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) சற்றுக் கூடுதலாக வெளிச்சம் தரும். ஐஎஸ்ஓ, அதாவது சென்சரின் ஒளி உணர்திறன், 3200-இல் எடுக்க வேண்டியதை 1250-இல் எடுத்துவிடலாம். ஆகவே கலியாணத்துக்கோ சாமத்திய வீட்டுக்கோ போகிறீர்கள் என்றால் 2.8. வீட்டையும் ஊரையும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஐஎஸ் உள்ள மலிவான லென்ஸ் போதும். என்னைக் கேட்டால், பெரும்பாலானோருக்கு இரண்டாவதுதான் பொருந்தும். கலியாண மண்டபங்களில் வீடியோக்காரரின் வெளிச்சமே பகல் போல அடிக்கிறது.

இனிக் குறிப்பாக எந்த லென்ஸ் என்று பார்ப்போம்.

கேனன் ரிபெல் வகைக் கமரா என்றால் 2014-இல் வந்த இஎஃப்-எஸ் 10-18 எஃப் 4.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம். 240 கிராம்தான் எடை. பின்பக்க வளையம் பிளாஸ்டிக், வெயில் மறைப்பைத் தனியாக வாங்க வேண்டும். ஆனாலும் படம் கூர்மை, நடுக்கத் தடுப்பு இருக்கிறது, பழையதாக வாங்கினால் விலையும் கையைக் கடிக்காது. இதே கேனனின் 10-22 எஃப் 3.5-4.5 என்ற 2004-ஆம் ஆண்டு லென்ஸும் இன்னும் விற்பனைக்கு வருகிறது. கட்டுமானம் உறுதி, கொஞ்சம் கூடுதல் வெளிச்சம், ஆனால் ஐஎஸ் இல்லை. வெய்யோனுக்கு எதிரே பிடிக்கும்போது அது நன்றாகவே தாங்கும். ஊர் வேலைக்கு நான் 10-18-ஐத்தான் எடுப்பேன். கேனனின் ஆர் வரிசை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கமராவுக்கு மாறியவர்கள் அடாப்டர் போட்டு இதையே பயன்படுத்தலாம். அல்லது 2023-இல் வந்த ஆர்எஃப்-எஸ் 10-18, வெறும் 150 கிராம்.

நிக்கோனில்தான் கொஞ்சம் கவனம் தேவை. 2017-இல் வந்த ஏஎஃப்-பி 10-20 எஃப் 4.5-5.6 விஆர் 230 கிராம், கேனன் 10-18-இன் சகோதரம் மாதிரி. ஆனால் டி90, டி7000, டி3100 போன்ற பழைய கமராக்களில் அது ஃபோகஸே செய்யாது, கையால் திருப்பினாலும் செய்யாது. வாங்க முன் உங்கள் கமராவின் பெயரை நிக்கோனின் பட்டியலில் பாருங்கள். பழைய கமராக்காரருக்கு 2009-ஆம் ஆண்டின் ஏஎஃப்-எஸ் 10-24 எஃப் 3.5-4.5 இருக்கிறது. 460 கிராம், விஆர் இல்லை, ஆனால் நீண்ட பக்கம் 24 வரை போவதால் ஒருநாள் முழுக்க லென்ஸ் மாற்றாமல் சுற்றலாம். செம்மண் பறக்கும் வீதியில் அது சின்ன வசதியல்ல. டாம்ரோனின் 10-24 இரண்டாவது பதிப்பும் இதே எல்லையில் விசி என்ற நடுக்கத் தடுப்போடு 2017-இல் வந்தது, கேனனுக்கும் நிக்கோனுக்கும் கிடைக்கும்.

எஃப் 2.8 என்றால் பலரும் சொல்வது டோக்கினா 11-16. 2008-இல் வந்தபோது ஏபிஎஸ்-சி சென்சருக்கென்று வெளிச்சமான அகலக்கோண சூம் வேறு இல்லை. இரும்புத் துண்டு மாதிரி 560 கிராம். இதன் முதல் பதிப்பை நிக்கோன் 3000, 5000 வரிசைகளில் மாட்டினால் தானியங்கி ஃபோகஸ் வேலை செய்யாது, லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. இரண்டாம் பதிப்பில் இருக்கிறது. வெயில் படத்துக்குள் விழுந்தால் ஒளிப்பொட்டுகள் வரும், தென்னோலையின் ஓரங்களில் ஊதாக் கோடு தெரியும். ஊரில் தென்னையும் பனையும் இல்லாத படம் ஏது? அதனால் இதைச் சொல்கிறேன். 2015-இன் 11-20 எல்லையை நீட்டியது, ஆனால் ஃபில்டர் அளவு 77-இலிருந்து 82-ஆகிவிட்டது.

சிக்மா 8-16 பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். 8 மில்லிமீற்றர் என்பது அதிசயமான அகலம்தான். முன்கண்ணாடி உருண்டு வெளியே தள்ளியிருக்கிறது, ஃபில்டர் மாட்ட முடியாது. கடல் உப்பு, திருநீறு, சந்தனம், சின்னப்பிள்ளைகளின் விரல் எல்லாம் நேரே கண்ணாடியில்தான் படும். ஊருக்கு அதை நான் கொண்டுபோக மாட்டேன்.

மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்குத் தெரிவு சுலபம். சிக்மா 10-18 எஃப் 2.8, 2023-இல் வந்தது. வெளிச்சமும் அகலமும் சேர்ந்து ஏறக்குறைய 260 கிராம், சோனிக்கும் ஃபுஜிக்கும் கேனன் ஆர்எஃப்-க்கும் உண்டு. நடுக்கத் தடுப்பு மட்டும் இல்லை. டாம்ரோன் 11-20 எஃப் 2.8-உம் நல்லது. நிக்கோன் இசட்டின் 12-28, மேலே சொன்ன மூலைக் கணக்கில் ஒரு பாகையால் தவறுகிறது.

பழைய லென்ஸ் வாங்குவதானால் இரண்டு சோதனை. டோர்ச் வெளிச்சத்தைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சிலந்திவலை நூல் மாதிரித் தெரியும். பிறகு ஒரு செங்கல் சுவரை நேராக நின்று எடுத்து நாலு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான் இணையத்தில் ஒருவரிடம் வாங்கிய முதல் லென்ஸின் வலது பக்கம் மட்டும் எப்போதும் மங்கல். அதை ஊரில் போய்த்தான் கண்டுபிடித்தேன். பயணத்துக்கு மூன்று கிழமை முன்னாவது வாங்கி, உங்கள் வீட்டுக் குசினியிலேயே பழகுங்கள்.

பழக வேண்டியது நிறைய இருக்கிறது. அகலக்கோண லென்ஸ் ஓரத்தில் இருப்பவற்றை இழுத்து அகலமாக்கும். பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி 10-இல் எடுத்தால் கரையில் நிற்கும் அம்மம்மாவின் முகம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். கூட்டப் படத்துக்கு 16 அல்லது 18-க்குத் திருப்பிவிட்டுப் பின்னால் போங்கள். பின்னால் போகவே வழியில்லை என்றால் வயதானவர்களை நடுவில் கதிரையில் இருத்தி, கரைகளில் தூணோ கதவோ வரும்படி இடம் விடுங்கள். 10-இல் நீங்கள் நிற்கும் தூரத்தைப் போல ஏறக்குறைய 2.3 மடங்கு அகலம் படத்துக்குள் வரும், 18-இல் 1.3 மடங்கு. மணவறை மேடையின் பக்கத்தில் இரண்டரை மீற்றரில் இடம் கிடைத்தால் 10-இல் ஐந்தரை மீற்றருக்கு மேல் பிடிக்கலாம்.

கோபுரத்துக்கு வேறொரு விசயம். கமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும். அதற்குக் கமராவை நெட்டையாக, மேலே சாய்க்காமல் நேராகப் பிடித்து, பிறகு கீழ்ப்பாதியை வெட்டிவிடலாம். அப்படி எடுக்கையில் 30 மீற்றர் உயரமான கோபுரத்துக்கு 10 மில்லிமீற்றரில் 26 மீற்றர் தூரம் போதும், 18-இல் 45 மீற்றர் போக வேண்டும். கோயில் வீதியில் அந்த 45 மீற்றருக்குள் ஒரு கடையோ மின்கம்பமோ கட்டாயம் வந்து நிற்கும்.

நல்லூர்த் திருவிழா 25 நாள், 24-ஆம் நாள் தேர். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை, அதை மதியுங்கள். வெளிவீதியில் அகலக்கோணம் அருமையாக வேலை செய்யும், ஆனால் அது உங்களை ஆட்களுக்கு மிக அருகில் போக வைக்கும் லென்ஸ். பிரதட்டை செய்பவர்களுக்கும் அடியழிக்கும் பெண்களுக்கும் ஒரு மீற்றரில் குனிந்து லென்ஸை நீட்டுவது கூடாது. அவர்கள் நேர்த்திக்கடன் செய்கிறார்கள். வேண்டுமானால் மற்ற லென்ஸால் தூரத்திலிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

இந்த லென்ஸுக்கென்றே அமைந்த இடம் என்று நான் நினைப்பது பருத்தித்துறைத் தெருமூடி மடம். வீதி மடத்துக்கு நடுவால் போகிறது, இரண்டு பக்கமும் கல்தூண்களும் திண்ணையும். காலை நேரத்தில் ஒரு திண்ணையின் கரையில் இருந்துகொண்டு 10-இல் எடுத்தால், தூண்வரிசை, கூரை, நடுவில் போகும் சைக்கிள் எல்லாம் ஒரு படத்தில் வரும். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் பவளக்கல் மதில்களை முழங்கால் உயரத்தில் நின்று எடுத்துப் பாருங்கள், அருகிலுள்ள கல்லின் புழுத்துளைகூடத் தெரியும், தூரத்தில் வீடும் தெரியும். குறிகட்டுவானிலிருந்து போகும் படகில் லென்ஸை வெளியே எடுக்காதீர்கள், உப்புத் தண்ணீர் தெறிக்கும். கீரிமலையிலும் அப்படித்தான், கேணிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. போலரைசர் ஃபில்டரை வீட்டில் விட்டுவிடலாம், இத்தனை அகலத்தில் வானத்தின் ஒரு துண்டு மட்டும் கடும் நீலமாகித் திட்டுத்திட்டாக வரும். முகாம்கள், காவலரண்கள் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். அகலக்கோணத்தில் நீங்கள் நினைக்காததும் கரையில் வந்துவிடும் என்பதால், எடுக்குமுன் ஓரங்களைப் பாருங்கள்.

விமானத்தில் பற்றரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். ஏசி வாகனத்திலிருந்து இறங்கியவுடன் லென்ஸ் முழுக்க வேர்க்கும், துடைத்தால் திரும்பவும் வேர்க்கும். பையை மூடியபடியே அரை மணித்தியாலம் வெளியில் வையுங்கள், அந்த நேரத்தில் உள்ளே போய் ஆட்களோடு கதைத்துவிட்டு வாருங்கள். பிறகு மூலைக்குப் போய், கமராவை நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்து, எதிர்மூலைத் தூணை நடுவில் வைத்து எடுங்கள். மற்ற மூன்று மூலைகளிலிருந்தும் ஒவ்வொன்று எடுங்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஸ்டூடியோவில் கழுவுவித்து, நாலு படத்தையும் வெளிக்கிடுமுன் பெரியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.