கோப்பி விலை விழும்போது: மலையகச் சிறு தோட்டக்காரருக்கு

உலக விலை சரிந்தால் அரசாங்கம் நட்டத்தை ஈடுகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1931 முதல் 1944 வரை பிரேசில் விலையை நிமிர்த்தக் கோடிக்கணக்கான கோப்பி மூட்டைகளை எரித்துப் பார்த்தது. எந்த நாடு எவ்வளவு கோப்பி ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்த சர்வதேசப் பங்கீட்டு ஒப்பந்தம் 1989 யூலையில் முறிந்ததும் விலை மளமளவென்று இறங்கியது. 2013இல் கொலம்பிய விவசாயிகள் வேலைநிறுத்தம் செய்தபின் அங்கு நேரடி மானியம் கிடைத்தது. அதுவும் விற்ற எடைக்கே என்பதால் நிறைய விற்றவருக்குத்தான் நிறையப் போனது. ஆகவே யாருக்கு விற்றாலும் திகதி, எடை, விலை எழுதிய பற்றுச்சீட்டு வாங்கி வையுங்கள். கணக்கில்லாத விற்பனைக்கு எந்த நிவாரணமும் வராது.

நம் இலங்கையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உதவி நடுகையையும் பயிர்ச்செய்கையையும் சார்ந்தது; விலைக்கு உத்தரவாதம் அல்ல. விரிவாக்க உத்தியோகத்தரிடம் போனால் முதலில் காணி ஆவணத்தைப் பற்றிக் கேளுங்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர்களின் விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் அங்கேதான். நாற்று கிடைத்தால் இலைத்துரு தாங்கும் இனமா என்று பாருங்கள். 1869இல் தெரியவந்த அந்த நோய்தான் இந்த மலைகளில் கோப்பியைத் துடைத்துவிட்டுத் தேயிலைக்கு இடம்விட்டது. இன்று நடும் நாற்று காய்க்க சுமார் 3 வருடம் ஆகும். அதுவரைக்கும் இன்றைய விலை நிற்காது.

விலை குறைந்த வருடமே பழைய மரத்தைக் கவாத்து செய்ய நல்ல வருடம், இழக்கும் விளைச்சலின் மதிப்பு குறைவு என்பதால். நிலத்திலிருந்து 30–40 செ.மீ. உயரத்தில் சரிவாக வெட்டி, 2–3 தளிரை மட்டும் விடுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்கு மரங்களுக்கு மேல் தொடாதீர்கள், வருமானமே நின்றுவிடும்.

பழமாக விற்பதா, தோல் நீக்கி விற்பதா? 5 கிலோ பழத்துக்குச் சுமார் 1 கிலோ உலர்ந்த பாச்மென்ட் (மெல்லிய உள்தோலோடு இருக்கும் கொட்டை) கிடைக்கும். ஒரு கிலோ பாச்மென்ட் விலை, பழ விலையின் 5 மடங்கையும் உங்கள் கூலியையும் தாண்டாவிட்டால் பழமாகவே கொடுங்கள்.

தாண்டினால், நன்கு சிவந்த பழத்தை மட்டும் பறித்து வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவை பூச்சி துளைத்தவை, உள்ளே வெறுமையானவை. அவற்றைத் தனியே வையுங்கள். அன்றைக்கே பல்பரில் (பழத்தோல் நீக்கும் இயந்திரத்தில்) தோல் நீக்குங்கள். மறுநாள் வரை குவித்தால் புளிப்பு வாடை ஏறும், பின்னர் அது போகாது. தோல் நீங்கிய கொட்டையில் ஒட்டிய வழுவழுப்பு கழல அதைப் புளிக்க வைக்க வேண்டும்; நேரம் 12 முதல் 36 மணி. நுவரெலியா பக்கத்துக் குளிரில் நீளும். கடிகாரத்தை நம்பாமல் கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பு போய் நறநறவென்று இருந்தால் கழுவும் நேரம்.

காயவைப்பதில்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். தரையில் விரித்த தறப்பாள் வேண்டாம், கீழிருந்து ஈரம் ஏறும். கால் வைத்த வலைத்தட்டில் 3 செ.மீ. தடிப்புக்கு மேல் பரப்பாமல், பகலில் அடிக்கடி கிளறி, பனியும் மழையும் படாமல் மாலையில் மூடுங்கள். ஈரப்பதம் 11–12 சதவீதம் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மிகவும் குறைந்தால் கொட்டை உடையும், எடையும் போகும்.

சாக்கை மரப்பலகை மேல் அடுக்குங்கள். மண்ணெண்ணெய், உரம், விறகுப் புகை எட்டாத அறையாக இருக்கட்டும். கோப்பி வாடையை இழுத்துக்கொள்ளும். வாங்குபவர் முதலில் செய்வது மூக்கருகே கொண்டு போவதுதான்.