தொப்புள் கொடி விழுந்த பிறகு: பிரசவத்துக்கு வடசென்னை வந்திருப்பவர்களுக்கு

துபாயிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ பிரசவத்துக்காக ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் வந்திருக்கிறீர்களா? குழந்தையின் தொப்புள் கொடி பெரும்பாலும் 5 முதல் 15 நாளுக்குள் காய்ந்து, தானாகவே விழுந்துவிடும். நூலாகத் தொங்கினாலும் இழுக்கக் கூடாது. 3 வாரம் தாண்டியும் விழவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

விழுந்த அன்றே புண் ஆறிவிடாது. உள்ளே இளஞ்சிவப்பாக ஈரம் தெரியும், லேசாக மஞ்சள் நீர் கசியும், சட்டையில் ரெண்டு மூணு சொட்டு ரத்தமும் படலாம். நாற்றமோ சுற்றிலும் சிவப்போ இல்லையென்றால் பயப்பட வேண்டாம். ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும்.

அதுவரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ, கொதிக்கவைத்து ஆறியதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டு விரலால் தொப்புளை மெல்ல விரித்து, நனைத்த சுத்தமான பருத்தித் துணியால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஒருமுறை துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி, பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பொருக்கைச் சுரண்டாதீர்கள். தினமும் ஒருமுறை போதும். சிறுநீரோ மலமோ பட்டால் உடனே துடையுங்கள். டயப்பரின் மேல் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள். இந்த ஊர் புழுக்கத்தில் மூடிவைத்த இடம் காயவே காயாது. அரைஞாண் கயிறு கட்டினாலும் புண்ணில் உரசாமல் இறக்கிக் கட்டுங்கள்.

சிக்கல் வருவது பெரும்பாலும் பாசத்தால்தான். தேங்காய் எண்ணெய், மஞ்சள், சுட்ட வசம்பு, விபூதி, பவுடர் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். கொடியின் ரத்தக்குழாய்கள் உள்ளே முழுதாக மூட நாளாகும். அங்கே கிருமி நுழைந்தால் நேராக ரத்தத்தில் கலந்துவிடும். சாம்பலும் சாணமும் வைத்ததால் வந்த ரணஜன்னியில் (டெட்டனஸ்) ஒரு காலத்தில் எத்தனையோ பச்சைக் குழந்தைகள் போயின. தாய்க்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், சுத்தமான தொப்புள் ஆகியவற்றால்தான் 2015இல் அந்த நோய் இந்தியாவில் ஒழிப்பு நிலைக்கு வந்தது. "ஆயா, உடம்புக்கெல்லாம் எண்ணெ தேய்ச்சு விடு, தொப்புள்ல மட்டும் வேணாம்னு டாக்டர் சொல்லிருக்காரு" என்று சொல்லிப் பாருங்கள். தேய்த்துக் குளிப்பாட்டும் உரிமை கையில் இருந்தால் ஆயாவுக்கும் மனக்குறை இருக்காது.

பத்து நாளுக்குப் பிறகும் ஈரம் நிற்கவில்லையா? நல்ல வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். சிவப்பாக, பளபளவென்று, மிளகு அளவிலோ கொஞ்சம் பெரிதாகவோ ஒரு சதை முளைத்திருக்கலாம். அதில் நரம்பு இல்லை, தொட்டால் குழந்தைக்கு வலிக்காது. டாக்டர் சில்வர் நைட்ரேட் குச்சியால் தொட்டுச் சுருக்குவார். சிலர் தூள் உப்பை ஒரு சிட்டிகை வைத்து, அரை மணி நேரத்தில் துடைக்கச் சொல்வார்கள். நீங்களாக உப்பு வைக்காதீர்கள். குடலோடு தொடர்புள்ள வேறொரு சதையும் பார்க்க இப்படியேதான் இருக்கும். தெளிந்த நீராகச் சொட்டிக்கொண்டே இருந்தால் சிறுநீர்ப்பையோடு இணைப்பு இருக்கலாம். கட்டாயம் காட்ட வேண்டும்.

அழும்போது தொப்புள் புடைத்து, அமுக்கினால் மெத்தென்று உள்ளே போனால் அது குடலிறக்கம். பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும். காசு வைத்துக் கட்டுவதால் மூடாது; தோல்தான் புண்ணாகும். புடைப்பு கெட்டியாகி, உள்ளே போகாமல், குழந்தை வாந்தி எடுத்தால் அது அவசரம்.

சுற்றிலும் சிவந்து பரவுவது, வீக்கம், சீழ், கெட்ட நாற்றம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்: இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது; எழும்பூரில் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. வண்டி இல்லையென்றால் 108. சாதாரணச் சந்தேகத்துக்கு மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். எங்கே போனாலும் டிஸ்சார்ஜ் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். தொப்புளில் ஏற்கெனவே ஏதாவது வைத்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.