சேலத்திலிருந்து நீண்ட விமானப் பயணம்: சிறு குழந்தையை வாடவிடாமல் அழைத்துச் செல்ல

சேலத்துக் குடும்பம் ஒன்று சிறு குழந்தையுடன் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ புறப்படும்போது, பெற்றோரின் கவலை முழுவதும் விமானத்துக்குள் கழியும் நேரத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. குழந்தைக்கோ பயணம் வீட்டு வாசலில் காரில் ஏறும்போதே தொடங்கிவிடுகிறது. காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சிறிய உள்நாட்டு விமானங்கள் மட்டுமே செல்வதால், தொலைதூர விமானத்தைப் பிடிக்க நம்மவர்கள் பெரும்பாலும் பெங்களூருக்கோ சென்னைக்கோ போகிறார்கள். தேவனஹள்ளியில் உள்ள பெங்களூர் விமான நிலையத்துக்குத் தொப்பூர் கணவாய், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவு இருக்கிறது. நகரத்து நெரிசலையும் சேர்த்தால் ஐந்து மணி நேரமாவது ஆகும். விமானம் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கு இருக்க வேண்டும் என்பதால், வானில் ஏறுவதற்கு முன்பே குழந்தை எட்டு மணி நேரத்தைக் கழித்து, தூக்கம் கெட்டு, களைத்துப் போயிருக்கும். விமானத்தில் குழந்தை ஓயாமல் அழுவதற்குக் காரணத்தைத் தேடினால், அது பெரும்பாலும் தரையில் கழிந்த இந்த நேரத்தில்தான் கிடைக்கும்.

வளைகுடா வழியாகவும் ஐரோப்பா வழியாகவும் செல்லும் விமானங்களில் பல, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட வேளையில் புறப்படுகின்றன. அதிகாலை மூன்று மணி விமானத்துக்கு மாலையில் கிளம்பும் குடும்பத்தில், குழந்தை தருமபுரியைத் தாண்டும்போதே உறங்கிவிட்டு, விமான நிலையத்தின் வெளிச்சத்தில் விழித்துக்கொண்டு, ஓடியாடிக் களைத்து, விமானத்தில் ஏறும் நேரத்தில் தூங்கவும் முடியாமல் விழித்திருக்கவும் முடியாமல் சிணுங்கத் தொடங்கும். அன்று மதியம் வீட்டிலேயே நன்றாக உறங்க வைத்து, காரில் முன்பாதித் தூரம் பேச்சுக் கொடுத்து விழித்திருக்கச் செய்து, கிருஷ்ணகிரியில் நிறுத்தி இரவு உணவை முடித்து, அதன் பிறகு உறங்கவிடுவது இதைவிட நல்லது. பெங்களூரில் உறவினர் வீடு இருந்தால் முந்தைய நாளே போய்த் தங்கிவிடலாம். பணம் கொடுத்து வாங்கும் எந்த விளையாட்டுச் சாமானும் அந்த ஓர் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

டிக்கெட் எடுக்கும்போதே தீர்மானிக்க வேண்டியவை சில உண்டு. இரண்டு வயது நிறையாத குழந்தை பெரியவர் மடியில் பயணம் செய்யலாம். வெளிநாட்டுப் பயணத்தில் அதற்குப் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதம் வாங்குவது வழக்கம். போகும்போது இரண்டு வயது நிறையாமலிருந்து திரும்பும் முன் நிறைந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். தடுப்புச் சுவரை ஒட்டிய முன்வரிசையில் மாட்டித் தரப்படும் பேசினெட் தொட்டில் வேண்டுமென்றால், டிக்கெட் எடுத்தவுடனே நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுப் பதிவு செய்துகொள்வது நல்லது. பல நிறுவனங்களில் அதற்கான எடை வரம்பு 10, 11 கிலோ அளவில் இருக்கிறது. அந்த வரிசைக்கு வேறு குறைகளும் உண்டு. கால்மாட்டில் பை வைக்க இடம் இராது என்பதால், விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் புட்டி உட்பட எல்லாமே தலைக்கு மேலே உள்ள அறைக்குப் போய்விடும். விமானம் குலுங்கும்போது, உறங்கும் குழந்தையை எழுப்பி மடியில் எடுத்துக்கொள்ளவும் சொல்வார்கள். ஒன்றரை வயதைக் கடந்து, எடை வரம்பை நெருங்கிவிட்ட குழந்தைக்காக அந்த வரிசைக்கு அலைவது வீண்வேலை.

நம் பக்கத்துக் குழந்தைகளுக்கே உரிய ஒரு சிக்கல் தூளி. உத்தரத்திலிருந்து தொங்கும் பழைய நூல் சேலையில், யாரோ ஒருவர் ஆட்டிக்கொண்டே இருக்க, உடலை எல்லாப் பக்கமும் துணி அணைத்திருக்கும் நிலையில் உறங்கிப் பழகிய குழந்தைக்கு, அசையாத தட்டையான பேசினெட் அந்நியமான இடமாகத்தான் தெரியும். ஆகவே பயணத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தூளியை மெல்லக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். முதலில் பகல் தூக்கத்தை மட்டும் பாயிலோ மெத்தையிலோ பழக்கலாம். தூளியில் உறங்கிய பிறகு எடுத்துப் படுக்க வைப்பதைவிட, கண் செருகும் நிலையிலேயே படுக்க வைத்துத் தட்டிக்கொடுப்பதுதான் பலன் தரும். தூளிக்குப் பயன்படுத்திய சேலையைத் துவைக்காமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சேலையால் தோள்வரை அணைத்துப் பிடித்தால், பழகிய வாசனையும் பழகிய இறுக்கமும் சேர்ந்து குழந்தையை அடங்கச் செய்யும். ஆனால் பேசினெட்டில் கிடக்கும் கைக்குழந்தையின் முகத்தருகே சேலையையோ தளர்வான போர்வையையோ விட்டு வைக்கக் கூடாது. மூச்சு அடைக்கும் ஆபத்து உண்டு.

அடுத்தது காது. விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம், பறக்கும் உயரத்தில், 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பாக வைக்கப்படுகிறது. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி உயரம். அதைவிட உயரமான ஓரிடத்தில் பல மணி நேரம் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழாய் சிறு குழந்தைகளுக்கு மிகக் குறுகலாக இருப்பதால், அழுத்தம் மாறும்போது செவிக்குள் அது சமன்பட நேரமாகிறது. விமானம் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம். தரையிறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே இந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது. சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் பால் கொடுக்க எடுத்தால் காலம் கடந்துவிடும். இறங்கப் போவதாக அறிவிப்பு வந்தவுடன் உறங்கும் குழந்தையை எழுப்பிவிட வேண்டும். உறக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு என்பதே காரணம். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ, வளர்ந்த குழந்தைக்கு உறிஞ்சு குழல் வைத்த தண்ணீரோ கொடுத்து, இடையிடையே நிறுத்தித் தொடருங்கள். ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டால் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு ஒத்திகை பார்க்கச் சேலத்துக்காரர்களுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன், குழந்தைக்குச் சளி இல்லாத ஒரு நாளில், ஏற்காட்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து அடிவாரம் வருவதற்குள் ஏறத்தாழ 3,500 அடிக்கும் மேல் இறங்கியிருப்பீர்கள். துபாய் போன்ற கடலோர நகரத்தில் விமானம் இறங்கும்போது நேரும் அழுத்த மாற்றம் இதைப் போல் இரு மடங்கு என்று கணக்கிடலாம். காது அடைக்கும் உணர்வை மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டில் உட்கார்ந்து விளக்க முடியாது, வளைவில் இறங்கும்போது அது காதைத் தேய்க்கத் தொடங்கினால், அப்போதே ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்துக் கொட்டாவி விடச் சொல்லி, “இப்போது காது திறந்துவிட்டதா?” என்று கேளுங்கள். விமானத்தில் அதே கேள்வி அதற்குப் புரியும். வளைவுகளில் குழந்தைக்கு வாந்தி வருகிறதா என்பதும் அன்றே தெரிந்துவிடும். வருமானால் மருத்துவரிடம் சொல்லி ஆலோசனை பெறலாம். புறப்படும் வாரத்தில் காதுவலியோ கடும் சளியோ இருந்தால், மருத்துவரிடம் காட்டாமல் ஏறக் கூடாது.

மருத்துவர் சொல்லாமல், உறங்க வைப்பதற்கென்று சளி மருந்துச் சிரப்பைக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அவற்றில் மயக்கம் தரும் சில மருந்துகள், சில குழந்தைகளை நேர்மாறாகப் பரபரப்பாக்கி, இரவு முழுவதும் உறங்கவிடாமல் செய்துவிடும்.

உணவில் நம் சமையலறை கைகொடுக்கும். நல்லெண்ணெயும் காரம் குறைந்த பொடியும் தடவிய சிறு இட்லிகள் காரிலும் முதல் விமானத்திலும் நன்றாகவே தாங்கும். சட்னி வேண்டாம், அது கெட்டுப்போவதோடு, கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவப் பொருள் கூடாது என்ற விதிக்கும் உட்படும். பயண அளவுக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கும் குழந்தை உணவுக்கும் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. சோதனையிடும் இடத்தில் தனியே எடுத்துக் காட்ட வேண்டும். சத்து மாவை வெந்நீரில் கரைத்துக் கொடுத்துவிடலாம் என்று பலர் எடுத்துச் செல்கிறார்கள். சத்து மாவு அடுப்பில் கொதித்து வேக வேண்டிய பொருள். விமானத்து வெந்நீரில் அது வேகாமல் குழந்தையின் வயிற்றைக் கெடுக்கும். சிவக்க வறுத்து நைசாகப் பொடித்த அவலில் சிறிது சர்க்கரை கலந்து சிறு டப்பாக்களில் வேளைக்கு ஒன்றாக எடுத்துச் சென்றால், வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தாலே கூழாகிவிடும். வெந்நீரைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாங்காதீர்கள். பின்புறம் உள்ள பணியாளர் பகுதிக்குப் போய்ப் பிளாஸ்கில் பிடித்து வாருங்கள். தட்டுவடை, முறுக்கு போன்றவை நன்றாக மெல்லத் தெரிந்த குழந்தைகளுக்கு மட்டுமே. வேர்க்கடலையை ஐந்து வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு முழுதாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கினால் வானில் உதவி எளிதில்லை. மாம்பழப் பருவத்தில் மல்கோவாவை வீட்டிலேயே தின்று தீர்த்துவிடுங்கள்; அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பழங்களை மறைத்து எடுத்துச் சென்றால் அபராதம் கட்ட நேரிடும். குழந்தைகளுக்கான தனி உணவு வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். விமானத்தின் உட்காற்று மிகவும் உலர்ந்தது என்பதால், ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு அடிக்கடி சில மடக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

விளையாட்டுச் சாமானைத் தேர்ந்தெடுக்கும்போது, அது கீழே விழுந்தால் என்னவாகும் என்று மட்டும் யோசித்தால் போதும். கோலிக்குண்டும் புளியங்கொட்டையும் முன்னால் ஆறு வரிசை தாண்டி உருண்டுவிடும். சொப்புச் சாமான்களில் சிறியவை இருக்கைக்கு அடியில் மறைந்துவிடும். ஒட்டி எடுத்து மீண்டும் ஒட்டக்கூடிய ஸ்டிக்கர் புத்தகம், துணிப் பொம்மை, மெழுகுப் பென்சில் ஆகியவை ஏற்றவை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பையிலிருந்து கொட்டாமல், ஒன்று சலித்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்தால், பிரிப்பதிலேயே சில நிமிடங்கள் கழியும். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து எல்லோருக்கும் சோறூட்டும் விளையாட்டுக்குப் பொருளே தேவையில்லை, இருட்டிலும் விளையாடலாம். கைபேசியில் காட்டும் படங்களை வீட்டிலேயே பதிவிறக்கி வைத்து, குழந்தையின் தலைக்குப் பொருந்தும் ஹெட்போனைச் சில நாள் முன்பே பழக்குங்கள். ஆனால் அதை எடுத்தவுடன் கொடுக்காமல், மற்றவை எல்லாம் தீர்ந்த பிறகே வெளியே எடுங்கள். பெல்ட் விளக்கு அணைந்திருக்கும் நேரத்தில், உணவு வண்டி வராத இடைவெளி பார்த்து, நடைபாதையில் ஒருமுறை நடத்திக்கொண்டு வருவது எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்யும்.

தாத்தா பாட்டி உடன் வந்தால், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை யார் பொறுப்பு என்று முன்பே பேசி வைத்து, மற்றவர் உண்மையாகவே உறங்க வேண்டும். குழந்தை அழும்போது நான்கு பேரும் ஒரே நேரத்தில் சமாதானப்படுத்தினால் அழுகை கூடுமே தவிரக் குறையாது. பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளித்தால் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குழந்தையைக் கவனியுங்கள். அவருடைய மனத்தைத் தேற்றுவது உங்கள் வேலையல்ல.

டயப்பரைப் பொறுத்தவரை, பயண நேரத்துக்குத் தேவையானதைப் போல் ஒன்றரை மடங்கு கைப்பையில் இருக்கட்டும். குழந்தைக்கு இரண்டு மாற்றுடைகளும், தூக்கிக்கொள்பவருக்கு ஒரு மேல்சட்டையும் அவசியம். விமானம் மாறும் நிலையத்தில் உட்கார வைக்காமல் ஓடவிட்டு, அடுத்த விமானத்தில் ஏறுவதற்குச் சற்று முன் டயப்பரை மாற்றிவிடுங்கள். கைப்பையின் வெளி அறையில் ஒரு வேளை அவல் பொடியையும், அதுவரை கண்ணில் காட்டாத ஒரு ஸ்டிக்கர் தாளையும் கடைசிவரை தொடாமல் வைத்திருங்கள். போய்ச் சேர்ந்த ஊரில் குடியேற்றச் சோதனை வரிசை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளக்கூடும்.