இனிப்பு வைனுக்கு ஏற்ற உணவைத் தெரிவுசெய்யும் முறை

பாசிக்குடாவிலோ அறுகம் குடாவிலோ விருந்தினர் விடுதி நடத்துவோர், சாப்பாட்டின் முடிவில் பரிமாறுவதற்கென்று சொத்தேர்ன் போன்ற பிரெஞ்சு இனிப்பு வைனை வாங்கி வைத்தால், அதனுடன் எதைக் கொடுப்பது என்ற கேள்வி உடனே எழும். இனிப்பு வைன்தானே என்று வட்டிலப்பத்தைக் கொண்டுவந்து வைக்கவே பலருக்கும் தோன்றும். பெரும்பாலும் பொருந்தாமற் போவதும் அதுதான்.

காரணத்தை அறிய, அந்த வைன் உருவாகும் விதத்தைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சின் போர்தோ நகருக்குத் தென்கிழக்கே, சிரோன் என்னும் குளிர்ந்த சிற்றாறு கரோன் ஆற்றுடன் கலக்கும் பகுதியில் இலையுதிர் காலத்துக் காலை வேளைகளில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் பொட்ரைற்றிஸ் என்னும் பூஞ்சணம் செமியோன் திராட்சையின் தோலைத் துளைக்க, பிற்பகல் வெயிலில் பழத்தின் நீர் வற்றி, சீனியும் புளிப்பும் ஒருங்கே செறிவடைகின்றன. எல்லாப் பழமும் ஒரே நாளில் அந்தப் பதத்துக்கு வருவதில்லை என்பதால், பறிப்பவர்கள் ஒரே கொடிக்குப் பலமுறை திரும்பி வருகிறார்கள். விலை ஏறுவதும் இதனாற்றான். போர்தோ வைன்களுக்கான 1855ஆம் ஆண்டின் தரவரிசையில் இவ்வகை வைன்களுள் முதலிடத்துக்கும் மேலான தனியிடம் ஷத்தோ திக்கெம் தோட்டத்துக்கு மட்டுமே கிடைத்தது.

ஆகவே இந்த வைனில் இனிப்பு எவ்வளவோ, அதைத் தாங்கிநிற்கும் புளிப்பும் அவ்வளவு முக்கியம். உணவு வைனைவிட இனிப்பாக இருந்தால் நாக்கில் அந்தப் புளிப்பு மட்டுமே எஞ்சி, வைன் வெளிறிய சுவையைத் தரும். கருப்பட்டியோ சர்க்கரையோ நிறைந்த வட்டிலப்பமும் தொதலும் இப்படித்தான் அதனைத் தோற்கடித்துவிடுகின்றன. அவற்றுக்கு, கரமல் மணமும் உலர்பழச் சுவையும் கொண்ட, நீண்டகாலம் முதிரவிட்ட ரிவ்சால்த் என்னும் பிரெஞ்சு இனிப்பு வைன் வகையே பொருத்தம். சொக்லேட் கேக்குக்கு பன்யுல்ஸ் என்னும் இன்னொரு பிரெஞ்சு இனிப்பு வைன் போதும்.

பிரெஞ்சுக்காரர் சொத்தேர்னை ரொக்ஃபோர் என்னும் உவர்ப்பு மிகுந்த செம்மறிப்பால் சீஸுடன் அருந்துவர். உப்பும் கொழுப்பும் இனிப்பைச் சமன்செய்கின்றன. நம் பகுதியில் அந்த வேலையை மரமுந்திரிகைப் பருப்பு செய்யும். பருப்பைப் பட்டரில் மெல்லிய தீயில் பொன்னிறமாக வறுத்து, சூடாக இருக்கும்போதே உப்பும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் தூவிப் பரிமாறுங்கள். வாவி நண்டின் சதையிலும் இயல்பான இனிப்பு உண்டு. அதைத் தேங்காய்ப்பாலில், காரம் குறைத்துச் சமைத்தால் இந்த வைனுடன் நன்றாக இசையும். மிளகாய்த்தூள் தூக்கலான கறியென்றால் வைனின் மணம் எதுவும் தெரியாது.

இனிப்பாகவே ஏதாவது வேண்டுமென்றால், என் தெரிவு மட்டக்களப்பின் எருமைத் தயிர். சட்டியிலிருந்து உடையாமல் வெட்டியெடுத்த கட்டித் தயிரின் மேல் கித்துள் பாணியைச் சிறு கரண்டியால் ஒரு கோடாக மட்டும் ஊற்றுங்கள். வழக்கம்போல் தயிர் மூழ்கும்வரை ஊற்றினால் வட்டிலப்பத்துக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும். பழங்களில் நன்கு பழுத்த அன்னாசியும், சற்றுப் புளிப்புள்ள மாம்பழமும் பொருந்தும். வாழைப்பழத்தைத் தவிர்த்துவிடலாம்.

பரிமாறும்போது வைன் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸில் இருப்பது நல்லது. நம் வெக்கையில் கிளாஸ் விரைவாகச் சூடேறும். ஆகவே ஐஸ் போடாமல், ஒருவருக்கு 60 மில்லிலீற்றர் அளவில் சிறிது சிறிதாக ஊற்றி, போத்தலை உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள். 375 மில்லிலீற்றர் கொண்ட அரைப் போத்தல் ஆறு பேருக்குக் காணும். மிஞ்சினால் தக்கையை இறுக மூடி வைத்து, ஒரு வாரத்துக்குள் குடித்து முடிக்கலாம். விடுதியில் விற்பனை செய்வதாயின் மதுவரி அனுமதிப்பத்திரம் அவசியம்.