இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள்: மலைநாட்டு ரோட்டில் பைக் ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மலைநாட்டில் பைக் பழகுகிற பிள்ளைகளுக்கு ஏற்றத்தில்தான் பயம். நடு ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் மானம் போய்விடும், பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடித்தே துரத்துவார். இறக்கத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. வண்டி தானாகப் போகிறதே, அதில் என்ன கஷ்டம்? தவறு தொடங்குவது அங்கேதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு வந்து சேர்வதற்குள் 1,300 மீற்றருக்கு மேல் இறங்கியாக வேண்டும். வழி நெடுக அந்த உயரம் வண்டியின் வேகமாக மாறப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதை அடக்க நம்மிடம் இருப்பது இரண்டு பிரேக்கும் எஞ்சினும் மட்டும்தான்.

அதில் எஞ்சினை நாமே கழற்றி விடுகிறோம். இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவது, இன்னும் கெட்டிக்காரர்கள் சாவியையே மூடிவிடுவது. எண்ணெய் மிச்சமாம். 2022 எண்ணெய் நெருக்கடியில் பைக்குக்கு வாரம் 4 லீற்றர் என்று கியூஆர் காட்டி வாங்கிய காலத்தில் இந்தப் பழக்கம் பலரிடம் ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். அந்த நெருக்கடி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கியரில் இருக்கும்போது அக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி கிடையாது, பாரம் முழுவதும் பிரேக்கில் விழுகிறது. மைல் கணக்கில் பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தால் அது சூடேறும், கருகிய வாடை வரும், லீவர் வழக்கத்தைவிட உள்ளே போகும். அப்போது ஓரங்கட்டி ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. எஞ்சினை மூடினால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பழைய பைக்குகள் பலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும். மூடுபனிக்குள் விளக்கில்லாமல் இறங்குவீர்கள்.

மிச்சக் கணக்கும் பல வண்டிகளில் சரியாக வராது. இப்போது வரும் இன்ஜெக்‌ஷன் பைக்குகள் கியரில் இறங்கும்போது, அக்ஸிலேட்டர் மூடியிருந்தால், எண்ணெய் போவதைத் தாமாகவே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் எஞ்சினை அணையாமல் வைத்திருக்கக் கொஞ்சம் எண்ணெய் எரிகிறது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ, இறங்கும்போதும் அதே கியர். பழைய லொறிக்காரர்கள் சொல்வது இதைத்தான், பைக்குக்கும் பொருந்தும்.

அடுத்தது முன் பிரேக். தோட்டத்து ரோட்டில் அண்ணன் தம்பிக்குப் பழக்குவதைக் கேட்டிருப்பீர்கள்: “டேய், முன் பிரேக்குல கைய வைக்காத, தூக்கி வீசிரும். கால் பிரேக்க மட்டும் அமுக்கு.” பாசத்தில் சொல்வதுதான், ஆனால் பாதிதான் சரி. பிரேக் பிடித்தவுடன் பாரம் முன்சக்கரத்துக்கு வருகிறது, இறக்கத்தில் இன்னும் கூடுதலாக வருகிறது. பின்சக்கரம் லேசாகிவிடுவதால் கால் பிரேக்கை அழுத்தினால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும். நிறுத்துகிற பலம் முன்னால்தான் இருக்கிறது. வீசுவது எப்போதென்றால், வண்டி சாய்ந்திருக்கும்போது, அல்லது ஈரத்திலும் மணலிலும், லீவரை வெடுக்கென்று பிடிக்கும்போது. ஆகவே நேராக இருக்கையிலேயே இரண்டையும் சேர்த்து, முன்னதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பழகுங்கள். விளையாட்டு மைதானத்தில் இதைச் செய்து பார்த்த பிறகு பெரிய ரோட்டுக்குப் போகலாம். ட்ரயலில் எட்டுப் போட்டு லைசன் எடுத்துவிடலாம். அந்த எட்டில் இறக்கம் கிடையாது.

முடக்கில் செய்யும் தவறு முடக்குக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. வேகத்தையும் கியரையும் குறைக்க வேண்டியது வளைவுக்கு முன். உள்ளே போன பிறகு பயந்து பிரேக் பிடிப்பவர்தான் கானுக்குள் கிடக்கிறார். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பினால் பள்ளத்துக்குத்தான் போவோம். வலப்பக்க முடக்கில் இன்னொன்றைக் கவனியுங்கள். நம் சக்கரம் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே இருக்கும், ஆனால் வண்டியோடு சாய்ந்த தலையும் தோளும் அந்தப் பக்கம் போயிருக்கும். எதிரே வரும் பஸ்ஸின் கண்ணாடி சரியாக அந்த உயரத்தில்தான் வருகிறது. வளைவு முடியும் இடம் கண்ணுக்குத் தெரியும்வரை இடப்பக்கத்தை விடாதீர்கள். கொண்டை ஊசி முடக்கில் பஸ்ஸுக்கும் கொழுந்து லொறிக்கும் முழு ரோடும் தேவை. அது நம்மை ஒதுக்கிவிட்டுப் போகவில்லை, அதற்குத் திரும்ப வேறு வழியில்லை. முடக்குக்கு முன்பே நின்று ஹோர்ன் அடித்துவிட்டு, அது போன பிறகு போங்கள்.

எதிரே வருகிறவர் நிறுத்துவார் என்று நம்புவதும் தவறுதான். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் மாணவர்களை ஏற்றிய பஸ்ஸும் வானும் ஆட்டோவும் மோதி 7 பேர் இறந்தார்கள். வானிலும் ஆட்டோவிலும் இருந்தவர்கள்தான் போனார்கள். செங்குத்தான இறக்கத்தில் பெரிய வண்டிக்கு எதிரே சின்ன வண்டியில் போகிறவர், ஒதுங்க எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்தபடியே போக வேண்டும்.

ஏற்றத்துக்கு வருவோம், அதுவும் கற்றுக்கொள்ளக்கூடியதுதான். நின்ற வண்டியை மேட்டில் எடுக்கும்போது புதியவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றுகிறார், பிரேக்கை மறக்கிறார், வண்டி பின்னால் உருள்கிறது. இடக்கால் மட்டும் தரையில் இருக்கட்டும். வலக்கால் பின் பிரேக்கை அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். முதல் கியர் போட்டு, கொஞ்சம் அக்ஸிலேட்டர் கொடுத்து, கிளச்சை மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கனத்து, வண்டியின் முதுகு லேசாக அசையும். கிளச்சை அந்த இடத்திலேயே பிடித்து வைத்துவிட்டுப் பிரேக்கை விடுங்கள். வண்டி பின்னால் போகாது. இனி மீதிக் கிளச்சையும் விட்டு ஏறலாம். அவசரப்பட்டுக் கிளச்சை ஒரேயடியாக விட்டால் எஞ்சின் அணையும் அல்லது முன்சக்கரம் எம்பும். பின்னால் ஆளோ மரக்கறி மூட்டையோ இருந்தால் இன்னும் சுலபமாக எம்பும். பழகுகிற காலத்தில் பின்னால் ஆளை ஏற்றாதீர்கள்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம், நமக்குத்தான் மழை பழகியதாயிற்றே. ஆனால் நன்றாக அடித்துப் பெய்த பிறகு உள்ள ரோட்டைவிட, தூறல் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் மோசம். தூசும் லொறி சிந்திய எண்ணெயும் நனைந்து பசையாகி நிற்கும். ஹட்டன், வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. பதுளை, வெலிமடைப் பக்கம் ஆண்டுக் கடைசியில் தொடங்கும் வடகீழ் மழை. தோட்டத்து ரோடு பெரிய ரோட்டில் சேரும் சந்திகளில் லொறிச் சக்கரம் கொண்டுவந்த செம்மண் சேறு கிடக்கும். மரநிழலில் பாசி இருக்கும். ரயில் பாதையைச் சாய்வாகக் கடக்காதீர்கள், தண்டவாளத்துக்குக் குறுக்கே நேராக, பிரேக் பிடிக்காமல் தாண்டுங்கள். மூடுபனிக்குள் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும், டிம்மில் வையுங்கள். ஹெல்மட் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் போதும். நுவரெலியாவில் ஜனவரிக் காலைக் குளிரில் கையுறை இல்லாத விரல் மரத்துவிடும், மரத்த விரல் பிரேக் பிடிக்கப் பிந்தும்.

சேலை உடுத்தி ஒருபக்கமாக உட்காருகிற அம்மாமார் முந்தானையைச் செருகிக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். மழைக் கோட்டின் வாலும் அப்படித்தான், சக்கரத்தில் சுற்றினால் ஆளை இழுத்துப் போட்டுவிடும். வளைவில் வண்டி சாயும் பக்கமே தானும் சாய வேண்டும் என்று பின்னால் இருப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்வார்கள்.

குடித்துவிட்டு ஓட்டுவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஹெல்மட் பொலிஸுக்காகப் போடுகிற சாமானாகிவிட்டது. செக்பொயின்ட் தெரிந்தால் தலையில், தாண்டியதும் கையில். வார் பூட்டாத ஹெல்மட் விழும்போது தலைக்கு முன்னே போய்விடும். ஒருமுறை பலமாக அடிபட்டதை வெளியே கீறல் இல்லை என்று திரும்பப் போடக் கூடாது, அடியை வாங்கி நசுங்குவது உள்ளே இருக்கும் நுரை. மலிவாகக் கிடைக்கும் பழைய ஹெல்மட்டையும் இதனால்தான் வாங்கக் கூடாது.

யாராவது விழுந்து கிடந்தால் நாலு பேர் கைகால் பிடித்து ஆட்டோவில் மடக்கித் திணிப்பது நம் ஊர் வழக்கம். கழுத்தில், முதுகில் அடிபட்டவருக்கு அது ஆயுசுக்கும் கேடாக முடியலாம். மூச்சு விட முடிகிறவரையில் ஹெல்மட்டைக் கழற்றாதீர்கள், ஆளை அசைக்காதீர்கள். இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். முடக்குக்கு மேலும் கீழும் ஆள் நிறுத்தி வண்டிகளை மெதுவாக்குங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்துக்குள் வீட்டு இலக்கம் சொல்லிப் பயனில்லை. தோட்டத்தின் பெயர், டிவிசன், பக்கத்தில் உள்ள தொழிற்சாலை அல்லது கோயில், பெரிய ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். இரவு என்றால் அந்தச் சந்தியில் ஒருவர் டோர்ச்சோடு போய் நிற்கட்டும்.